தொட்டு ஆடுகிற ஆட்டம்

கோப்பைகளை வாங்கி வந்தது 2020 மார்ச் மாதம் முதல் வாரத்தில். நானும் மன்றத்துப் பையன்கள் ரெண்டு பேரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனைப் பக்கம் கடைகடையாக அலைந்து, பேரம் பேசி நாலு கோப்பை வாங்கினோம். முதல் பரிசுக் கோப்பை என் இடுப்பு உயரம். அடிப்பலகையில் ஒரு தகடு வைத்து ‘டாக்டர் அம்பேத்கர் 129ஆவது பிறந்தநாள் கபடிப் போட்டி, 14.4.2020’ என்று பொறித்துக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது ரயிலில் நல்ல கூட்டம். பையன் ஒருத்தன் கோப்பையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். எதிரில் இருந்த அம்மா, “இன்னா ஆட்டம்பா?” என்று கேட்டாங்க. “கபடிம்மா.” “எந்த ஊரு?” பையன் சட்டென்று “தாம்பரம்” என்றான். காலனி பேரைச் சொல்லவில்லை. எங்க பசங்களுக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. தானாகவே வந்துவிடுகிறது.

அந்தக் கோப்பை ரெண்டு வருஷம் என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்க காலனி மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் போகிற ரோட்டுக்கு உள்ளடங்கி இருக்கிறது. தாத்தா காலத்தில் செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்துச் சேரிகளிலிருந்து பிழைக்க வந்தவங்க. 1931ல் பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த பிறகு ஊர் பெருத்தது. ஊர் பெருத்தால் குப்பை பெருக்கும், அள்ள ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நாங்க. எங்க தாத்தாவுக்கு சானடோரியத்தில் வார்டு கூட்டுகிற வேலை. டாக்டர் சௌரிமுத்து 1928ல் காசநோய்க்காரங்களுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. 1937ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ரயில்வே ஸ்டேஷனுக்கே தாம்பரம் சானடோரியம் என்றுதான் பேர்.

தாத்தா வேலை முடிந்து வந்தால் நேரா வீட்டுக்குள்ளே வரமாட்டார். கொல்லையில் பாட்டி வெந்நீர் வைத்திருக்கும். குளித்து, வேலைத்துணியைக் கொதிக்கிற தண்ணியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். “இருமுறவன்கிட்ட தள்ளி நில்லு. அவன் தேறிட்டான்னா போய்க் கட்டிப் புடிச்சிக்கோ” என்பார். படிக்காத மனுஷன். தொற்றுநோய் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான். நோய்க்காகத் தள்ளி நிற்பதற்கு ஒரு கெடு உண்டு. நோய் போனால் இடைவெளியும் போக வேண்டும்.

கெடு இல்லாத இடைவெளி ஒன்றும் இருக்கிறது. அதையும் நான் ஆட்டத்தில்தான் பார்த்தேன்.

1987ல் எனக்குப் பதினேழு வயசு. வண்டலூருக்கு அந்தாண்ட ஓர் ஊரில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நாங்க ஏழு பேரும் மாத்து ஆள் ரெண்டு பேரும் சைக்கிளில் போனோம். நுழைவுக் கட்டணம் கட்டியாச்சு. சீட்டுக் குலுக்கியதில் எங்களுக்கு அந்த ஊர் டீமே விழுந்தது. எங்க பேரைக் கூப்பிட்டு, நாங்க சட்டையைக் கழட்டி நிற்கும்போது, “எந்தத் தெருப்பா நீங்க?” என்று ஒரு பெரியவர் கேட்டார். சொன்னோம். அவர் போய் ஒரு கும்பலில் நின்று பேசினார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து ரொம்பப் பதமாகச் சொன்னார்: “தம்பிங்களா, கபடி வேணாம். வாலிபால் ஆடுங்களேன். நெட்டு கட்டித் தர்றோம்.”

எங்களுக்கு முதலில் புரியவில்லை. எங்க கேப்டன் அண்ணன்தான் கேட்டார், “ஏன்யா, கபடிப் போட்டின்னுதானே நோட்டீஸ் போட்டீங்க?” பெரியவர் சிரித்தார். “வாலிபால்ல நடுவுல வலை இருக்குது பாரு.”

நீங்க கபடி ஆடியிருந்தால் தெரியும். பாடிக்கொண்டு போகிறவன் எதிராளியைத் தொட வேண்டும். எதிராளிகள் ஏழு பேரும் அவனைப் பிடித்து, இடுப்பைக் கட்டி, மேலே விழுந்து அமுக்க வேண்டும். வேர்வையும் எச்சிலும் மண்ணும் ஒருத்தன் மேலிருந்து இன்னொருத்தன் மேல் போகும். தொடாமல் ஆட வழியே இல்லாத ஆட்டம் அது. எங்களை அமுக்க வேண்டுமென்றால் எங்க மேலே விழவேண்டும், அதற்கு அவங்க மனசு வரவில்லை. கடைசியில் “மழை வர்ற மாதிரி இருக்கு” என்று சொல்லி எங்க ஆட்டத்தை மட்டும் ரத்து பண்ணினார்கள். தை மாசத்தில் மழை! கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். காசைக் கையில் கொடுக்கவில்லை, பெஞ்சு மேலே வைத்தார்கள். அதுதான் என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் ரத்து.

திரும்பி வந்த அந்த வருஷமே ஏப்ரல் 14க்கு எங்க காலனியில் போட்டி வைத்தோம். எந்தத் தெரு என்று யாரையும் கேட்பதில்லை. முடிச்சூர், பெருங்களத்தூர், இரும்புலியூர், பம்மல், அனகாபுத்தூர், மேடவாக்கம் என்று சுத்துப்பட்டு டீமெல்லாம் வரும். மண்ணைக் கொத்தி, சலித்து, தண்ணி தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட்டில் ஆட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் மாடிவரைக்கும் தண்ணி நின்றபோது எங்க மைதானமும் ஏரியாகத்தான் கிடந்தது. ஆனால் 2016 ஏப்ரலில் சேற்றை வாரிப் போட்டுவிட்டு ஆடினோம். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட போட்டியை நிறுத்தலாம் என்று வாயைத் திறந்து சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன்.

2020 மார்ச் 7ந் தேதி தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி. ஓமனிலிருந்து வந்த காஞ்சிபுரத்துக்காரர். மார்ச் 13, வெள்ளிக்கிழமை, ஐ.பி.எல். கிரிக்கெட்டை ஏப்ரல் 15 வரைக்கும் தள்ளி வைத்தார்கள். இந்தியா – தென்னாப்பிரிக்கா ஆட்டங்களும் நின்றன. மறுநாள் கோவாவில் கால்பந்து இறுதி ஆட்டம். சென்னையின் டீம் கொல்கத்தாவிடம் 3–1 என்று தோற்றது. ஆளே இல்லாத ஸ்டேடியம். மன்றத்தில் டி.வி. முன்னாடி உட்கார்ந்து பார்த்தோம். கோல் போட்டால் சத்தம் இல்லை. எவனோ ஒருத்தன், “இன்னா மாஸ்டர், சாவு வூட்டுல ஆடறமாரி கீது” என்றான்.

பதினைஞ்சாந் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மன்றத்தில் கூட்டம் போட்டோம். எனக்கு அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. அதனால் காலனியில் சின்னவன் பெரியவன் எல்லாருக்கும் நான் மாஸ்டர். போட்டியை நிறுத்தலாமா என்று நான் கேட்டதும் பையன்கள் எகிறினார்கள். ஒருத்தன் சொன்னதை மறக்க முடியாது: “ஐ.பி.எல்.லே பதினைஞ்சாந் தேதி ஆரம்பிச்சிருவாங்களாம். நம்மளுது பதினாலு. ஒரு நாள்தானே மாஸ்டர் வித்தியாசம்?” எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. பேப்பரில் போட்ட தேதியை நம்பிக் கேட்டான்.

எனக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. என் அக்கா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. எங்க பக்கத்தில் அவன் அளவுக்குப் பாடுகிறவன் இல்லை. பனிரெண்டாவது முடித்துவிட்டுக் கூரியர் குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அந்த ஏப்ரல் 14 ஆட்டத்தைப் பார்க்க ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் வருவதாக இருந்தார். பையன் ஆட்டம் பிடித்திருந்தால் ஜூன் மாசம் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு. கபடியில் ஜூனியர் என்றால் அப்போது இருபது வயசுக்குள்ளே, எடை 70 கிலோவுக்குள்ளே. அவனுக்கு அதுதான் கடைசி வருஷம். கூட்டத்தில் நான் “நிறுத்தலாமா” என்று கேட்டபோது அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அக்கா வந்தது. அக்கா குப்பை அள்ளுகிற வேலை, ஒப்பந்தக் கூலி. மன்றத்துக் கூட்டத்துக்குப் பொம்பளைங்க வருகிற வழக்கம் எங்க காலனியில் இல்லை. அக்கா வாசப்படியிலே நின்றுகொண்டே பேசியது.

“தம்பி, ஆட்டம்லாம் இந்த வருசம் வேணாம்டா. நான் குப்பையில பாக்கறேன். ரெண்டு வாரமா மூஞ்சிக்குப் போட்ட துணி, மூக்கு சிந்துன காயிதம், மருந்து அட்டை, எல்லாம் ஒண்ணாதான் வருது. எந்த வூட்டுல சீக்கு, எந்த வூட்டுல இல்லன்னு எனுக்கு இன்னா தெரியும்? கையில உறை கூட குடுக்கல. நானே இஸ்துகினு வந்து வுட்டாலும் வுட்டுருவேன். நீங்க ஏழு ஏழு பேரா மேல வுழுந்து பொரளப் போறீங்க.”

“யம்மா, நீ போ” என்றான் அக்கா மகன்.

“போறேன்டா. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நாளைக்கு எங்கியோ எவனுக்கோ வந்திச்சின்னா, இன்னா சொல்லுவான்? சேரில கூட்டம் போட்டானுங்க, அங்கருந்துதான் வந்திச்சின்னு சொல்லுவான். அப்பறம் உன்னைய ஆட்டத்துக்கு இல்ல, தண்ணிக் கொழாய்க்குக் கூட வுட மாட்டான்.”

கூட்டம் அடங்கிவிட்டது. அதற்குமேல் ஓட்டு எடுக்க அவசியமில்லை. மறுநாளே தியேட்டர், பள்ளிக்கூடம், மால் எல்லாவற்றையும் மூட அரசாங்கம் உத்தரவு போட்டது. நாங்க உத்தரவுக்கு ஒரு நாள் முந்தி நிறுத்தினோம் என்பதில் எனக்கு இன்னைக்கும் ஒரு திருப்தி உண்டு.

நிறுத்தியது சரிதான். இத்தாலியில் நடந்தது பிற்பாடு தெரிய வந்தது. பெர்காமோ ஊர் டீமான அட்டலாண்டா 2020 பிப்ரவரி 19ந் தேதி மிலான் ஸ்டேடியத்தில் வலென்சியாவோடு ஆடியது. நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். கோல் விழ விழக் கட்டிப் பிடித்துக் கத்தினார்கள். அடுத்த மாசம் பெர்காமோவில் சவப்பெட்டிகளை ராணுவ லாரியில் ஏற்றி வெளியூர் சுடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆட்டத்தைக் கிருமிக்கு வைத்த விருந்து என்கிற மாதிரிதான் பிறகு எல்லாரும் பேசினார்கள். அக்காவுக்கு இத்தாலியும் தெரியாது, மிலானும் தெரியாது. குப்பையைப் பார்த்துச் சொன்னது.

மார்ச் 24ல் டோக்கியோ ஒலிம்பிக்கையே ஒரு வருஷம் தள்ளினார்கள். 25லிருந்து நாடே அடைப்பு. அதற்கு முந்தின ஞாயிறு சாயந்திரம் அஞ்சு மணிக்கு எல்லாரும் வாசலில் நின்று கை தட்டினார்கள். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து மெயின் ரோட்டில் வந்துகொண்டிருந்ததாம். “மேல இருந்து தட்டுனு, தாம்பாளத்த அடிக்கிறாங்கடா. அண்ணாந்து பாத்தேன். ஒரு அம்மா, வண்டிய எங்க வூட்டு முன்னாடி நிறுத்தாத, அந்தாண்ட தள்ளுன்னு சொல்லுது. கையும் தட்டுது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தது. துப்புரவுப் பணியாளர் என்ற பேரை மாற்றித் தூய்மைப் பணியாளர் என்று அரசாங்கம் அறிவித்ததும் அந்த வருஷம்தான். “பேரு நல்லாக்கீது. கூலி?” என்றது அக்கா. எல்லா ஆட்டமும் நின்றது, இந்த வேலை ஒன்று மட்டும் ஒரு நாள் கூட நிற்கவில்லை.

அப்புறம் அந்த வார்த்தை வந்தது. சமூக இடைவெளி. ரேஷன் கடைச் சுவரில், பஸ் ஸ்டாண்டில், டி.வி.யில், போன் பண்ணினால் மணி அடிக்கிறதுக்கு முந்தி, எங்கே பார்த்தாலும் சமூக இடைவெளியைக் கடைப்பிடிப்போம். எங்க காலனிப் பெரியப்பா ஒருத்தர் எண்பதைத் தாண்டியவர். சுவரில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இத இவனுங்க இப்பதான் கண்டுபுடிச்சானுங்களா?” என்று கேட்டார். உலக சுகாதார நிறுவனமே மார்ச் மாசக் கடைசியில், சமூக இடைவெளி வேண்டாம், உடல் இடைவெளி என்று சொல்லுங்கள் என்றது. நம்ம ஊரில் அது சுவருக்கு வரவில்லை. வந்தாலும் என்ன? கடையில் சில்லறையைத் தூரத்தில் இருந்து போடுகிறவனுக்கும், வேலைக்காரிக்குத் தனி டம்ளர் வைக்கிறவளுக்கும் அந்த வருஷம் அரசாங்கமே லைசென்ஸ் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. காரணம் கேட்டால் கொரோனா. கொரோனா போன பிறகும் சில வீட்டு டம்ளர் உள்ளே போகவில்லை.

பல்வங்கர் பாலு ஞாபகம் வந்தது அப்போதுதான். 1876ல் பிறந்த சமார் சாதிக்காரர். புனேவில் வெள்ளைக்காரன் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கிற வேலை பார்த்து, வலையில் அவனுங்களுக்குப் பந்து போட்டுப் போட்டே பெரிய சுழல் பந்து வீச்சாளர் ஆனவர். 1911ல் இங்கிலாந்து போன இந்திய டீமில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அம்பேத்கரே அவரைக் கொண்டாடியிருக்கிறார். புனேவில் ஆடும்போது, கூட ஆடுகிற இந்துக்களுக்குக் கூடாரத்துக்குள்ளே பீங்கான் கோப்பையில் டீ, பாலுவுக்கு வெளியே மண் குவளையில். அவர் விரலில் சுற்றிக் கொடுத்த பந்தை அவங்க தொடுவார்கள், குடித்த கோப்பையைத் தொட மாட்டார்கள். கடைசிவரைக்கும் அவரை கேப்டன் ஆக்கவில்லை. 2020 ஜூனில் ஐ.சி.சி. பந்தில் எச்சில் தடவக் கூடாது என்று தடை போட்டபோது பத்திரிகையில் பெரிய விவாதம் நடந்தது. எச்சிலுக்குத் தடை என்றால் யாருடைய எச்சிலுக்கு என்றுதான் எங்க காதில் முதலில் விழும்.

2020 ஏப்ரல் 14 அன்னைக்குக் காலையில் பத்து மணிக்குப் பிரதமர் டி.வி.யில் வந்து அம்பேத்கரை வணங்கிவிட்டு அடைப்பை மே 3 வரைக்கும் நீட்டினார். மைதானம் காலியாகக் கிடந்தது. கோடு போடுவதற்கு வாங்கி வைத்த சுண்ணாம்பு மூட்டை மன்றத்தில் இருந்தது. ரேஷன் கடையில் கூட்டம் நெருக்குகிறது, வட்டம் போட ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். அக்கா மகன்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். கடை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் மூணு மூணு அடிக்கு ஒரு வட்டம். திரும்பி வந்து, “கோடு போட்டுட்டேன் மாமா. யாரும் யாரையும் தொடக் கூடாதாம்” என்றான். அவன் கிண்டல் பண்ணினானா, சும்மா சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. அன்னைக்குச் சிலைக்கு மாலை போட அஞ்சு பேர் மட்டும் போனோம். தள்ளித் தள்ளி நின்று ஜெய்பீம் சொன்னோம்.

குடோனை மூடியதில் அவன் வேலை போயிற்று. அக்காவுக்கு மட்டும் கூலி வந்துகொண்டிருந்தது. மே மாசம் மருந்து தெளிக்க ஆள் எடுத்தார்கள், தினக் கூலி. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டும். அக்கா வேண்டாம் என்று ரெண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தது. “நான் தூக்குன கூடைய நீ தூக்கக் கூடாதுன்னுதான்டா உன்ன ஆடவுட்டேன்” என்று அழுதது. எங்க வீடுகளில் படிப்பைப் பற்றித்தான் இப்படிப் பேசுவார்கள். அக்காவுக்குக் கபடி அந்த இடத்தில் இருந்தது. அவன் போய்விட்டான். கல்லூரிக்காரருக்கு நான் போன் பண்ணினேன். இந்த வருஷம் தேர்வு ஆட்டமே இல்லை சார், மேலிடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றார். அவர் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் 19ல் ஐ.பி.எல். துபாய், அபுதாபிப் பக்கம் ஆரம்பித்தது. தனி விமானம், தனி ஓட்டல், அஞ்சு நாளைக்கு ஒருமுறை டெஸ்ட், வெளி ஆள் உள்ளே வர முடியாத வளையம். அப்படியிருந்தும் போன உடனே சென்னை டீமில் பதிமூணு பேருக்கு நோய் வந்தது. ஆனாலும் ஆடி முடித்தார்கள். பணம் இருந்தால் ஆட்டத்தை நிறுத்தவேண்டியதில்லை, நாட்டையே மாற்றிக்கொள்ளலாம் என்று பையன்கள் புரிந்துகொண்டார்கள். கபடி ப்ரோ லீக் அந்த வருஷம் நடக்கவே இல்லை. 2021 டிசம்பரில்தான் பெங்களூரில் ஒரே ஓட்டலுக்குள்ளே ஆள் இல்லாமல் நடத்தினார்கள். டி.வி. கபடிக்கே அப்படி என்றால் செம்மண் கபடியை யார் நினைப்பார்கள்?

2021 தைப் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு நடந்தது. 300 மாடுபிடி வீரர்கள், பாதிக் கூட்டம் என்று அரசாங்கமே அனுமதி. பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு ரெண்டு டெஸ்ட். ரெண்டாவதுக்குப் பாதிக் கூட்டத்தை விட்டார்கள். சரி, நாமும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். எட்டு டீம் போதும், முகக்கவசம், கை கழுவத் தண்ணி, கூட்டம் நூறு பேர், எல்லாம் எழுதியிருந்தோம். அங்கே இருந்தவர் மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “கபடி தொட்டு ஆடுற ஆட்டமாச்சே, அதுக்கு அனுமதி கிடையாது” என்றார். எங்க பையன் ஒருத்தன், “மாட்ட மட்டும் தொடாமயா சார் புடிக்கிறாங்க?” என்று கேட்டான். அவர் முகம் மாறியது. “உங்க ஏரியாவுல கூட்டம் சேந்தா கண்ட்ரோல் பண்ண முடியாதுப்பா. போங்க” என்றார். முதல் காரணத்தை நான் ஒத்துக்கொண்டிருப்பேன். ரெண்டாவது காரணத்தில், 1987ல் பார்த்த அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

ஏப்ரல் 14க்கு நாங்க மனுவே போடவில்லை. ஏப்ரல் 6 தேர்தல் வரைக்கும் ஊரெல்லாம் லாரி லாரியாகக் கூட்டம். அது முடிந்ததும் நோய் ஏறிக்கொண்டே போனது. அகமதாபாத்தில் மார்ச் மாசம் கூட்டத்தை விட்டு இருபது ஓவர் ஆட்டம் நடத்தினார்கள், ரெண்டு ஆட்டம் முடிந்ததும் ஆளில்லாமல் ஆட வேண்டி வந்தது. ஏப்ரல் 9ல் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். காலி ஸ்டேடியத்தில் ஆரம்பித்தது. கூட்டம் கத்துகிற மாதிரி டி.வி.யில் சத்தத்தைச் சேர்த்துப் போட்டார்கள். அந்தச் சத்தம் எங்க வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு ராத்திரி அக்கா மகனுக்குக் காய்ச்சல் கண்டது. மூணாம் நாள் மூச்சு வாங்கியது. சானடோரியத்தில் சேர்த்தோம். தாத்தா கூட்டின வார்டு எது என்று யாருக்குத் தெரியும்? வாசலோடு எங்களை நிறுத்திவிட்டார்கள். அது சரியான நிறுத்தம். நானும் அக்காவும் ரோட்டில் வேப்பமரத்தடியில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தோம்.

மே 4ந் தேதி ஐ.பி.எல்.லை நிறுத்தினார்கள். வளையத்துக்குள்ளேயே நோய் வந்துவிட்டது. அன்னைக்கு ராத்திரி செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் 13 பேர் செத்துப் போனார்கள். ஆக்சிஜன் வரத்து குறைந்தது என்று சொந்தக்காரங்க சொன்னார்கள், தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். விடியக்காலம் அந்தச் செய்தி மரத்தடிக்கு வந்தது. எங்களை மாதிரி உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஓடினோம். அக்கா ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, “அவன் தம்மு நல்ல தம்முடா. நாப்பது எண்ற வரைக்கும் பாடுவான்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

பிழைத்து வந்துவிட்டான். ஆறு மாசம் கழித்துக் குப்பை வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்தது, பேட்டரி வண்டி. அதுவும் ஒப்பந்தம்தான். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெரிய விழா எல்லாம் பேப்பரில் படித்தோம். அவன் வண்டியில் புதுப் பேரை எழுதினார்கள்.

2022 ஏப்ரல் 14க்குத்தான் மறுபடியும் ஆட்டம். பதினெட்டு டீம் வந்தது. புதுக் கோப்பைக்குக் காசு சேரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்ததை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தோம். தகட்டு மேல் 131ஆவது பிறந்தநாள், 14.4.2022 என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினோம்.

அக்கா மகன் ஆடமாட்டேன் என்றுதான் சொன்னான். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அரை இறுதியில் எங்க பையனுக்குக் கணுக்கால் பிசகியது. மாத்து ஆள் இல்லை. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். “ஒரே பாட்டு மாமா” என்று சட்டையைக் கழட்டினான். நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். காலு அப்படியேதான் இருந்தது. இடது ஓரத்துக்காரனை ஏமாற்றி ஒரு காலை நீட்டித் தொட்டுவிட்டான். திரும்ப வேண்டியதுதான். பாட்டு நின்றுவிட்டது. யாரும் பிடிக்கவில்லை, எவன் கையும் அவன் மேல் இல்லை. வாய் திறந்திருக்கிறது, கபடி வரவில்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், பதினெட்டு நொடி. விசில் அடித்தார்.

எதிர் டீம் அனகாபுத்தூர்ப் பசங்க. அவங்களுக்குப் பாயிண்டு. ஆனால் எவனும் கத்தவில்லை. ரெண்டு பேர் வந்து அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டி வந்தார்கள். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து முந்தானையால் அவன் நெஞ்சைத் துடைத்தது. “போதும்டா, உக்காரு” என்றது. அவன் மண்ணில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே கடைசி ஆட்டம் வரைக்கும் பார்த்தான்.

கோப்பை அனகாபுத்தூருக்குத்தான் போனது. விடியற்காலம் நாலு மணிக்கு அதைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றார்கள். நானும் வழியனுப்பப் போயிருந்தேன். அவங்க டீமில் சின்னப் பையன் ஒருத்தன், பத்து வயசு இருக்கும், தகட்டு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தான்.

“மாஸ்டர், உள்ள வேற தேதி போட்டுக்கீது.”

“ஆமா. அந்த வருசத்துக்கு வாங்கினது.”

“அந்த வருசம் யாரு ஜெயிச்சது?”

“ஆட்டம் நடக்கலடா.”

அவன் ஸ்டிக்கரை முழுசாக உரித்து எடுத்துவிட்டு, பொறித்த எழுத்து மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். ஆட்டோ வந்தது. கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு ஒருத்தன் மேல் ஒருத்தன் நெருக்கி ஏறி உட்கார்ந்துகொண்டு போனார்கள்.